ஈறு கெட்டதால் எடை ஏறியதா, எடை ஏறியதால் ஈறு கெட்டதா?

வைப்பாறு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. சாத்தூரில் தனியாக இருக்கிறார், நான் சென்னையில். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, பிரஷருக்கும் மாத்திரை உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. சொத்தை இல்லை, வலி என்று பெரிதாக எதுவும் இல்லை, பல் பார்க்க முழுசாக நன்றாகத்தான் இருந்தது, நாக்கால் தள்ளினால் மட்டும் அசையும். பக்கத்தில் இருந்த கிளினிக்கில் பிடுங்கிவிட்டார்கள், ஏன் ஆடியது என்று அவர்களும் சொல்லவில்லை நாங்களும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அதே மாதிரி ஒவ்வொன்றாக இன்னும் ஐந்து. ஆக ஆறு கடைவாய்ப்பற்கள் போய்விட்டன. முன்பற்கள் எல்லாம் இருப்பதால் சிரித்தால் யாருக்கும் தெரியாது, அம்மாவுக்கு அது போதும்.

இதே ஆறு வருஷத்தில் எடை 62லிருந்து 74 கிலோ. உயரம் 152 செ.மீ. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கடைசியாக 9.1.

பொங்கலுக்குப் போனபோதுதான் கவனித்தேன். காராச்சேவை டீ டம்ளரில் போட்டு ஊறவைத்து ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுகிறார். சேவு லேசாக நமத்திருந்தாலே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போட்டவர் இவர்! கொத்தவரங்காய்ப் பொரியலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டார், கேட்டால் "நார் மாட்டுது". ராத்திரிக்கு ரஸ்க், இல்லை பன், இல்லாவிட்டால் குழைந்த சாதத்தில் ரசம்.

சர்க்கரை டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். இப்போது பார்க்கும் பல் டாக்டர் ஈறு நோய் என்கிறார், நான்கு தடவை வந்து க்ளீன் பண்ண வேண்டும், எடைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்கிறார். அம்மாவோ "பல்லில்லாதவ என்னத்தத் திங்கிறேன், எடை காத்துலயா ஏறுது" என்கிறார். பக்கத்து வீட்டு அத்தை தன் பங்குக்கு, க்ளீன் பண்ணினால் இருக்கிற பல்லும் ஆடிவிடும் என்று பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

எடைக்கும் ஈறுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? இருந்தால் எதை முதலில் பிடிப்பது?

———

ஈறுகெட்டவன்:

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பள்ளியில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் அடி வாங்கியவன், பிற்பாடு ஈறு சிகிச்சையிலேயே மேற்படிப்பு படிக்க நேர்ந்தது, அதனால் வைத்துக்கொண்ட பெயர்.

முதலில் அந்த ஆடிய பல். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு எல்லோருக்கும் உண்டு, 1 முதல் 3 மி.மீ. ஆழம். அதில் படிகிற அழுக்கு தினமும் எடுக்கப்படாவிட்டால் எச்சிலில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து காரையாகக் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் எந்த பிரஷ்ஷாலும் போகாது. காரைக்கு மேலே கிருமி, கிருமியை விரட்ட உடம்பு அனுப்புகிற ஆட்கள், இவர்கள் சண்டையில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. இடுக்கு 5, 6, 7 என்று ஆழமாகிக்கொண்டே போகும். பல்லுக்குள் எதுவும் நடக்காததால் வலிக்காது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அஸ்திவாரத்து மண்தான் போகிறது. முழுசாக இருக்கிற பல் ஆடுவது இப்படித்தான்.

சம்பந்தம் உண்டா என்றால், உண்டு. ஜப்பானில் ஃபுகுவோகாவில் 241 பேரைப் பார்த்து 1998இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வுதான் இந்தப் பேச்சைப் பெரிதாகக் கிளப்பியது: உடல் எடை கூடக் கூட ஈறு நோயும் கூடியிருந்தது. 2003இல் அமெரிக்காவின் தேசியக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தவர்களுக்கு 18 முதல் 34 வயது வரை உள்ளவர்களிடம்தான் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது, அதற்கு மேற்பட்ட வயதில் இல்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பைச் சும்மா கிடக்கிற மூட்டை என்று நினைத்துவிடாதீர்கள், அது டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 மாதிரி அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஈறில் நடக்கும் சண்டைக்கு அது எண்ணெய் ஊற்றுகிறது. இன்சுலின் வேலை செய்வதையும் அதுவே கெடுக்கிறது. சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும், ஈறில் சீழும் வீக்கமுமாக இருந்தால் சர்க்கரை இறங்க அடம்பிடிக்கும்.

உங்கள் அம்மா விஷயத்தில் நான் சர்க்கரையைத்தான் பெரிய குற்றவாளி என்பேன். எடை கூட்டாளி. இருந்தாலும் ஆறு பல் போன பிறகு கதை திரும்பிவிட்டது பாருங்கள், இப்போது பல்லில்லாதது எடையை ஏற்றுகிறது. "என்னத்தத் திங்கிறேன்" என்று அவர் கேட்பது அவர் பக்கத்தில் நியாயம்தான், அளவு குறைந்திருக்கலாம். குறைந்தது காயும் பயறும், கூடியது மைதாவும் சாதமும்.

எதை முதலில் என்றால் ஈறு. எடையை வேண்டாம் என்று சொல்லவில்லை. 12 கிலோ குறைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், ஈறு க்ளீனிங் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. சர்க்கரைக்காரர்களுக்கு ஈறு சிகிச்சை செய்தால் என்ன ஆகிறது என்று 2022இல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டுக் குழு 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 இறங்கியிருந்தது, ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தவர்களில் 0.5. 9.1 உள்ளவருக்கு இது தனியாகப் போதாது, ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிற அளவு இது.

பக்கத்து வீட்டு அத்தை சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்தப் பயம் சாகவே மாட்டேன் என்கிறது. எலும்பு போன பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் காரைதான் சிமெண்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீங்கியிருந்த ஈறு சுருங்குவதால் பல்லுக்கு நடுவே சந்து தெரியும், சில நாள் கூசும். க்ளீனிங் பண்ணியதால் வந்த ஆட்டம் இல்லை அது, க்ளீனிங் தாமதமானதால் வந்தது.

இன்னொன்று. பிரஷருக்கு என்ன மாத்திரை என்று சீட்டைப் பாருங்கள். ஆம்லோடிபின் என்றால் சிலருக்கு அதுவே ஈறைத் தடிக்க வைக்கும், மறக்காமல் சொல்லுங்கள்.

———

கணக்குப்பிள்ளை:

டாக்டர் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது.

அந்த 1998 ஆய்வில் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30க்கு மேல் போனவர்களுக்கு 20க்குக் கீழே இருந்தவர்களைவிட எட்டு மடங்குக்கு மேல் ஆபத்து என்று வந்தது. கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் ஜப்பானில் 241 பேரைக் கூட்டினால் அதில் அவ்வளவு குண்டாக எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிற்பாடு நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு: 2010 தொகுப்பில் சுமார் 1.35 மடங்கு, 2011இல் வந்த இன்னொன்றில் சுமார் 1.8. எட்டு எங்கே, ஒன்றரை எங்கே. தொடர்பு இருக்கிறது, செய்தித் தலைப்பு சொல்கிற அளவுக்கு இல்லை.

அதிலும் பெரும்பாலானவை ஒரே நாளில் எடையையும் பார்த்து ஈறையும் பார்த்து எழுதியவை. எது முதலில் வந்தது என்று அவற்றால் சொல்லவே முடியாது. சிகரெட், சர்க்கரை, வருமானம், பல் டாக்டரிடம் போகிற பழக்கம் எல்லாம் இரண்டு பக்கமும் கை வைக்கிறவை.

பல் போனால் எடை ஏறும் என்பதையும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. என் பாட்டிக்கு ஒரு பல்கூட இல்லை, கடைசிவரை 38 கிலோதான். பல் போன வயதானவர்கள் இளைத்துப்போவதையும் நிறைய இடத்தில் பார்த்திருக்கிறார்கள், பெருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். மெல்லாமல் விழுங்கக் கூடியதாக வீட்டில் என்ன கிடைக்கிறதோ அதைப் பொறுத்தது. பாட்டிக்குக் கிடைத்தது கஞ்சி, உங்கள் அம்மாவுக்குக் கிடைப்பது பேக்கரி.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை. அத்தனை பேருக்கும் ஈறா காரணம்?

———

ஈறுகெட்டவன்:

@கணக்குப்பிள்ளை, எட்டு மடங்கை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை சார். மற்றபடி ஒத்துக்கொள்கிறேன். கஞ்சி, பேக்கரி உதாரணத்தைக் கிளினிக்கில் திருடிப் பயன்படுத்தப் போகிறேன்.

———

லோடுமேன்:

எனக்கு உல்டா. எடை முதலில்.

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வேலை, உட்கார்ந்தே இருக்க வேண்டும், ராத்திரி பன்னிரண்டுக்குப் பரோட்டா, நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். 38 வயதில் 104 கிலோ. வாய் நாறுகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் சிகரெட் நாற்றம் என்று விட்டுவிட்டேன். ஈறில் ரத்தம் ஒரு நாளும் வந்தது கிடையாது, அதனால் ஈறு நல்லா இருக்கு என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

நெஞ்சு படபடப்பு வந்து சிகரெட்டை விட்டேன் பாருங்கள், மூன்றாவது வாரம் பிரஷ் பண்ணும்போது வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. சிகரெட்டை விட்டதால்தான் ரத்தம் வருகிறது என்று நானாக முடிவு பண்ணி மறுபடி பத்து நாள் பிடித்தேன்! ரத்தம் நின்றுவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பல் டாக்டர் சொல்லித்தான் தெரியும், நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி வைத்து நோயை மறைத்திருக்கிறது. ஒரு கம்பியை ஈறுக்குள் விட்டு எண்களைச் சொல்லச் சொல்ல உதவிக்கு இருந்த பெண் எழுதினாள், ஐந்து, ஆறு, ஆறு, ஏழு, ஏலம் போடுகிற மாதிரி. மூன்று பல் போச்சு.

மரத்துப்போக ஊசி போட்டு நான்கு தவணையாகச் சுரண்டினார்கள். அதைவிட முக்கியம், பல் சந்தில் விடுகிற குட்டி பிரஷ் ஒன்று கொடுத்தார்கள், பால் பாட்டில் கழுவுகிற பிரஷ் இருக்குமே அதன் பேரன் மாதிரி. முதல் நாள் அதை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தபோதுதான் வீட்டில் ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரிந்தது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

இப்போது 91 கிலோ. ரத்தம் இல்லை. எடை குறைந்ததாலா, சிகரெட் விட்டதாலா, க்ளீனிங்காலா என்று கேட்காதீர்கள், மூன்றையும் ஒரே வருஷத்தில் செய்துவிட்டேன். கணக்குப்பிள்ளை சார் வேண்டுமானால் பிரித்துச் சொல்லட்டும்.

———

அடுக்களை:

தம்பி, டாக்டர்கள் அவர்கள் வேலையைப் பார்க்கட்டும், நான் சாப்பாட்டுக்கு வருகிறேன். என் மாமியாருக்கு எட்டு வருஷம் சமைத்துப் போட்ட அனுபவம்.

ரஸ்க்கை முதலில் நிறுத்துங்கள். டீயில் தொட்டால் கரைகிறது என்பதால் வயதானவர்களுக்கு அது பத்திய உணவு மாதிரி தோன்றிவிடுகிறது. மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். நான்கு ரஸ்க் போன இடம் தெரியாது, மெல்லாமல் போவதால் வயிறு நிறைந்தது மூளைக்கே தெரியாது.

அதற்காகக் கேழ்வரகுக் கூழாகக் காய்ச்சிக் கொடுக்கிறேன் என்று இறங்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் போவார்கள். கூழும் விறுவிறுவென்று உள்ளே போய்ச் சர்க்கரையை ஏற்றும்.

கொத்தவரங்காயை ஏன் விட வேண்டும்? பிஞ்சாகப் பார்த்து வாங்கி, இரண்டு ஓரத்தையும் கிள்ளி, பொடிப்பொடியாக நறுக்கிக் குக்கரில் ஒரு விசில் வைத்துவிட்டு, அப்புறம் பருப்பு உசிலி செய்தால் நார் தெரியாது. பருப்பும் உள்ளே போகிறது. கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப்போட்டு நீங்கள் வழக்கமாக வைப்பதைவிட நான்கு விசில் கூட வைத்தால் இரண்டு விரலால் நசுங்கும், அப்படி நசுங்கினால் ஈறாலேயே மெல்லலாம், அதுதான் நான் வைத்திருந்த அளவுகோல். முருங்கைக்கீரையை ஆய்ந்து மசியல், பூசணிக் கூட்டு, சுரைக்காய். கறி வேண்டாம் என்றால் முட்டை, முள் எடுத்த மீன். அம்மா அசைவம் சாப்பிடுவாரா என்று நீங்கள் சொல்லவில்லை.

இன்னொன்று, தட்டில் ஒதுக்கி வைப்பதை வைத்துத்தான் என் மாமியாருக்கு அடுத்த பல் ஆடுவதையே நான் கண்டுபிடித்தேன், அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். தனியாகச் சாப்பிடுகிறவருக்கு அதைப் பார்க்க ஆளில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வீடியோ காலைச் சாப்பிடுகிற நேரத்தில் போடுங்கள்.

———

வைப்பாறு:

எல்லோருக்கும் நன்றி. அடுக்களை அக்கா, வெள்ளி செவ்வாய் தவிர எல்லாம் சாப்பிடுவார். உசிலி செய்முறையை அனுப்பினேன், "எனக்கே சொல்லித் தரியா" என்று பதில் வந்தது. செய்தாரா என்று தெரியவில்லை.

ஈறுகெட்டவன் சார், இரண்டு சந்தேகம். உடனே பல் கட்டிவிட்டால் எல்லாம் மெல்லலாமே, பிறகு க்ளீனிங் பார்த்துக்கொள்ளலாமா? அம்மாவுக்கு அதுதான் விருப்பம். ஸ்க்ரூ வைத்துப் பொருத்துகிற பல்லைப் பற்றியும் ஒருவர் சொன்னார், செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

———

ஈறுகெட்டவன்:

கூடாது. கட்டுகிற பல் இருக்கிற பற்களைப் பிடித்துத்தான் நிற்கும். அந்தப் பற்களே ஆடினால் சாய்கிற சுவரில் பரண் கட்டுகிற வேலை, அவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். க்ளீனிங் முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ஆழத்தை மறுபடி அளந்து பார்த்துவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும்.

ஸ்க்ரூ பல் 9.1 வைத்துக்கொண்டு வேண்டாம். எலும்போடு அது சேர்வதே சந்தேகம், சேர்ந்தாலும் அதைச் சுற்றியும் இதே ஈறு நோய் வரும், செயற்கைப் பல் என்பதால் கிருமி விட்டுவிடாது. சர்க்கரை இறங்கட்டும், பிறகு பேசலாம்.

இப்போதைக்குக் கழற்றி மாட்டுகிற பல் செட் போதும். ஆனால் முன்பே சொல்லிவிடுங்கள், அது சொந்தப் பல் ஆகாது. முழு வாய்க்கும் செட் வைத்தவர்களின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் கால்வாசிகூட இருக்காது. அம்மாவுக்குச் சொந்தப் பற்கள் மீதி இருப்பதால் அவ்வளவு மோசமில்லை, இருந்தாலும் முதல் சில வாரம் வாய்க்குள் கூழாங்கல் வைத்த மாதிரி இருக்கும், பாதிப் பேர் அப்போதுதான் கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், ஜப்பானில் 1989லிருந்து 80 வயதில் 20 சொந்தப் பல் என்று ஒரு இயக்கம் நடத்துகிறார்கள். 20 இருந்தால் ஏறக்குறைய எல்லாம் மென்று சாப்பிடலாம் என்று கணக்கு. 2016இல் அங்கே 80 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு அது இருந்தது. உங்கள் அம்மாவுக்கு இருக்கிறவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், 20க்கு மேல்தான் இருக்கும். அவற்றைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

———

வைப்பாறு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், யாராவது கேட்பீர்கள் என்று.

எண்ணிப் பார்த்தோம், 22. முதல் இரண்டு தவணை முடிந்தது, லீவு போட்டுக் கூடப் போனேன். எடுத்த காரையை டாக்டர் ஒரு பஞ்சில் வைத்துக் காட்டினார். சில துண்டு கறுப்பாக, அரிசி நொய் அளவுக்கு இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு "இதெல்லாம் என் வாயிலயா கெடந்துச்சு" என்று கேட்டார், அப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை. ஐந்து நாள் கூச்சம், சூடான டீ குடிக்க முடியவில்லை. அதனால் ரஸ்க்கும் தானாக நின்றது. கீழே முன்பல் ஒன்று ஆடுகிற மாதிரி இருக்கிறது என்கிறார், பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரே கொண்டாட்டம். எடை இன்னும் 74தான், ஹெச்பிஏ1சி எடுக்க இரண்டு மாதம் இருக்கிறது.

மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன். ஆம்லோடிபின் 5தான். நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

———

ஈறுகெட்டவன்:

நிறுத்தவே கூடாது, பிரஷர் ஏறிவிடும். மேல் முன்பல் ஈறு பல்லுக்கு நடுவே உருண்டை உருண்டையாகத் தடித்திருக்கிறதா என்று பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் அவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி, மாத்திரை எழுதியவரிடம் காட்டுங்கள், வேறு வகைக்கு மாற்றித் தர முடியும். தடிப்பே இல்லையென்றால் அதே மாத்திரை தொடரட்டும்.

அந்தக் கீழ் முன்பல்லை அம்மா நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார், எல்லோரும் பார்ப்பார்கள். தள்ளாமல் இருக்கச் சொல்லுங்கள்.